கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

வாசகர் கேள்வி – சட்டப் பதில்

இந்த மாதக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த வாக்கியம் ஒன்றுதான்: “எங்க வழக்கத்துல பொண்ணுக்குப் பங்கு கிடையாதுன்னு சொல்றாங்க.” மதமும் சாதியும் ஊரும் மாறினாலும் வாக்கியம் மாறவில்லை. வழக்கம் என்று வீட்டில் சொல்வதும் அந்தச் சமூகத்துக்குரிய சட்டம் சொல்வதும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால் சொத்து பற்றிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு 1986-இல் கல்யாணம். 30 பவுன் போட்டு அனுப்பினார்கள். அப்பா 2001-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 3 ஏக்கர் 40 சென்ட் பூமி இருக்கிறது. அம்மா இருக்கிறார், அண்ணன்கள் இருவர். “89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்குச் சட்டத்துலயே பங்கு இல்ல, இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், தாராபுரம்

கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

அண்ணன்கள் சொல்லும் 89 கணக்கு ஒருகாலத்தில் உண்மையாக இருந்தது. தமிழ்நாடு அரசு 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தந்தது. ஆனால் 25.3.1989-க்கு முன்பே மணமான பெண்களை அது விட்டுவிட்டது. அந்தக் கோட்டை 9.9.2005-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் அழித்துவிட்டது. இப்போது மகள் எப்போது மணமானவர் என்பது கேள்வியே இல்லை. “அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும்” என்று இன்னொரு வாதமும் வரும். அதை உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை.

அடுத்து, அந்தப் பூமி அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததா, தாத்தா வழி வந்ததா என்று பாருங்கள். கணக்கு இதில்தான் மாறுகிறது.

அப்பாவின் சுயார்ஜிதம் என்றால் 2005 சட்டமே உங்களுக்குத் தேவைப்படாது. உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச்சொத்து மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமமாகப் போகும் என்பது 1956-இலிருந்தே சட்டம். 340 சென்ட்டை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 85 சென்ட். (2001-இல் அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்திருந்தால் அவருக்கும் சமமாக ஒரு பங்கு.)

பூர்வீகம் என்றால், அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்குக் கால் பங்கு என்று முதலில் வைக்க வேண்டும். அப்பாவின் கால் பங்கு அவர் இறந்ததும் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். அப்படிப் பார்த்தால் உங்களுக்கும் அண்ணன்களுக்கும் ஆளுக்கு 16-இல் 5 பங்கு, அதாவது 106¼ சென்ட். அம்மாவுக்கு 16-இல் ஒன்று, 21¼ சென்ட். “இது பூர்வீகம், பொண்ணுக்கு வராது” என்று அடித்துப் பேசும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. பூர்வீகம் என்று நிரூபித்தால் மகளின் பங்கு கூடுகிறது. குறைவது அம்மாவின் பங்கு.

30 பவுன் நகை இந்தக் கணக்கில் எங்கும் வராது. கல்யாணத்துக்குப் போட்டது பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களின் வாயை அடைப்பது பெரும்பாலும் இந்த ஒரு பேச்சுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

உங்களுக்கு எதிராக நிற்கக்கூடியது ஒன்று உண்டு. 20.12.2004-க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைப் பின்னால் போய்க் கலைக்க முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த கிரயமும் அப்படியே. “வாய்மொழியா அப்பவே பிரிச்சாச்சு” என்பது மட்டும் போதாது. அன்றிலிருந்தே தனித்தனிப் பட்டா, தனித்தனி வரி என்று அரசுப் பதிவேடுகள் தெளிவாகக் காட்டினால்தான், அரிதாக, அதை நீதிமன்றம் ஏற்கும்.

இனிக் காகிதங்கள். கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்க்கலாம். 1975-க்கு முந்தைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போடுங்கள். மூலப் பத்திரத்தின் நகல், பட்டா, சிட்டா, அ-பதிவேடு, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைச் சேருங்கள். வாரிசுச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். மணமான மகளின் பெயரை விட்டுவிட்டு வாங்குவது நடக்கிறது. விடுபட்டிருந்தால் தாசில்தாரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அங்கே நடக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தால் கலங்க வேண்டாம். பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவுதான், உரிமையைத் தீர்மானிக்கும் பத்திரம் ஆகாது.

நீட்டிய பத்திரத்தின் தலைப்பைப் படியுங்கள். “விடுதலைப் பத்திரம்” என்று இருந்தால், பதிவானதும் உங்கள் பங்கு போய்விடும். அண்ணன்களுக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட், எவ்வளவு தொகை என்பதெல்லாம் பத்திரத்தில் உண்மையாக எழுதியிருக்க வேண்டும். “பத்து லட்சம் அப்புறம் தர்றோம்” என்ற பேச்சு பத்திரத்துக்கு வெளியே நின்றால் அது காற்றில்தான் நிற்கும். வெற்றுத் தாளில், வெற்று முத்திரைத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

பேச்சில் தீராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு பாகப்பிரிவினை வழக்கு. வழக்குகள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. குடும்பத்தின் எல்லாச் சொத்தையும் எல்லாப் பங்குதாரரையும் சேர்க்க வேண்டும். ஒரு சர்வே எண்ணையோ ஒரு சகோதரியையோ விட்டுவிட்டால் அதை வைத்தே வழக்கைத் தள்ளச் சொல்வார்கள். கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்று மனுவில் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் சிறு தொகை. அனுபவத்திலிருந்தே வெளியேற்றப்பட்டதாக எழுதினால் உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்றபடி கட்ட வேண்டிவரும். ஆகவே அந்த வரியை உண்மை நிலைக்கு ஏற்ப வக்கீலுடன் உட்கார்ந்து எழுதுங்கள். இன்னொன்று, முதல்நிலைத் தீர்ப்பு வந்தவுடன் ஜெயித்துவிட்டோம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பங்கு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, எந்தப் பக்கத்து 85 சென்ட் உங்களுடையது என்று அறிக்கை கொடுத்து, இறுதித் தீர்ப்பு வந்து, அது முத்திரைத்தாளில் ஏறினால்தான் நிலம் கைக்கு வரும்.

எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். அப்பா 1978-இல் இறந்தார். வீடும் தோட்டமும் சேர்ந்து 60 சென்ட் இன்றும் அப்பா பெயரில்தான் உள்ளது. அம்மா, நான், இரண்டு தம்பிகள். “திருவிதாங்கூர் சட்டப்படி பெண்ணுக்கு 5,000 ரூபாய் ஸ்திரீதனம்தான், அதைக் கல்யாணத்திலேயே கொடுத்தாச்சு” என்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் உண்டா?
– ஜெ., தக்கலை

இருந்தது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை என்பதால் அந்தப் பேச்சு குமரி மாவட்டத்தில் இன்றும் கேட்கிறது. கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1.4.1951-லேயே காலாவதியாகிவிட்டது என்றும் அன்றிலிருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. உங்கள் அப்பா இறந்தது 1978-இல். ஆகவே அவருடைய சொத்துக்கும் அதுதான்.

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். 60 சென்ட்டில் அம்மாவுக்கு 20, உங்களுக்கும் தம்பிகளுக்கும் ஆளுக்கு 13⅓ சென்ட்.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதே என்றால், சொத்து இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது உங்களுக்குச் சாதகம். ஒரு பங்காளி அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். “உனக்கு உரிமையே இல்லை” என்று அவர் வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்கும் தெரிந்து, 12 ஆண்டு கடந்தால்தான் சிக்கல். தம்பி அப்படி மறுத்து எழுதிய கடிதமோ நோட்டீஸோ இருந்தால் அதன் தேதியை முதலில் பாருங்கள்.

அம்மாவின் 20 சென்ட் தனி. அவர் அதை யாருக்கும் எழுதலாம். அப்படி உயில் எழுதினால் ஒரு விதியை மறக்க வேண்டாம். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ எழுதிய பங்கு செல்லாது. மருமகனைச் சாட்சியாகப் போட்டுவிட்டு மகளின் பங்கை இழக்க நேரிடும். தாமும் தம் துணையும் பங்கு பெறாத இருவரைச் சாட்சியாக வையுங்கள்.

வாப்பா மவுத்தாகி நான்கு வருடம். 80 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. உம்மா, இரண்டு காக்காமார் (அண்ணன்மார்), நான். “வீடு வாசல்னா ஷரீஅத், விவசாய நிலத்துக்கு அது செல்லாது” என்று சொல்லி என்னைச் சேர்க்காமல் பிரிக்கப் பார்க்கிறார்கள்.
– வாசகி, கீழக்கரை

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மை. காக்காமார் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். ஆனால் சென்னை மாகாணம் 1949-லேயே அதைத் திருத்தி விவசாய நிலத்தையும் உள்ளே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் தோப்புக்கும் வயலுக்கும் ஷரீஅத் பங்குதான்.

பிரிக்கும் முன் கழிக்க வேண்டியவை உண்டு. அடக்கச் செலவு, கடன், அதோடு உம்மாவுக்கு வாப்பா கொடுக்காமல் விட்ட மஹர் (நிக்காஹ்வில் மனைவிக்குத் தருவதாகக் கணவர் ஒப்புக்கொண்ட தொகை). மஹர் ஒரு கடன். அது தீர்ந்த பிறகுதான் பங்கு. நிக்காஹ் பதிவேட்டில் எவ்வளவு மஹர், கொடுத்ததா பாக்கியா என்று எழுதியிருக்கும். ஜமாஅத்தில் நகல் கேளுங்கள். பிள்ளைகள் இருப்பதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். கழிக்க எதுவும் இல்லை என்று கொண்டால் 80 சென்ட்டில் உம்மாவுக்கு 10, காக்காமாருக்கு ஆளுக்கு 28, உங்களுக்கு 14.

மகனுக்குப் பாதி என்பது சமம் இல்லை. அதை மறைத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் மார்க்கம் உறுதியாகச் சொல்லும் அந்தப் பாதியைக்கூடக் கொடுக்காமல் ஒதுக்குபவர்கள், மார்க்கத்தைக் காரணம் காட்ட முடியாது.

வாரிசுகளுக்கிடையே சமமாகக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு வழி இருக்கிறது. உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, அதையும் வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் மரணத்துக்குப் பின் சம்மதிக்க வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும்போது ஹிபாவாக, அதாவது கொடையாக, எவ்வளவும் கொடுக்கலாம். கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தை ஒப்படைத்தல் என்ற மூன்றும் நடந்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான ஹிபாக்கள் நீதிமன்றத்தில் தோற்கின்றன. மகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு வரி, வாடகை, சாவி எல்லாம் தந்தை கையிலேயே இருந்தால் ஒப்படைத்ததாக ஆகாது.

உங்கள் ஊரிலும் காயல்பட்டினத்திலும் கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. பெண்ணுக்குக் கூரையை உறுதி செய்த அருமையான வழக்கம். ஆனால் வாய்ப்பேச்சோடு நின்று, வீட்டு வரியும் மின் இணைப்பும் வாப்பா பெயரிலேயே இருந்தால், அவருக்குப் பின் அந்த வீடும் பங்குக்கு வந்துவிடும். அப்படிக் கொடுத்த வீடுகளை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

நாங்கள் பர்கூர் மலையில் மலையாளிகள் என்ற மலைவாழ் சமூகம். தாத்தா காலத்திலிருந்து உழும் பூமிக்கு வன உரிமைப் பட்டா கேட்கச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் என் கணவர் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அது சரியா?
– ம., அந்தியூர் வட்டம்

சரியில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு, மணமானவர்களுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே உரிமை வழங்க வேண்டும் என்கிறது. தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அவர் பெயரிலேயே. விண்ணப்பத்திலேயே இருவர் பெயரும் இருக்கட்டும். பட்டா அச்சான பிறகு திருத்த அலைவது கடினம். இந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது, வாரிசுகளுக்கு மட்டும் போகும் என்பதால் முதல் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம்.

உங்கள் மலைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மலையாளிகள் சேலம், தருமபுரி, பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் இல்லை. சேலம் மாவட்டத்துக் கொளத்தூர் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு இருக்கும் சான்றிதழ் பர்கூரில் இருக்கும் தங்கைக்குக் கிடைக்காத இந்த அநியாயத்துக்காக உங்கள் மக்கள் நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துவருகிறார்கள். அது தீரும்வரை, நீங்கள் “மரபுவழி வனவாசிகள்” என்ற பிரிவில்தான் கேட்க முடியும். அதற்கு 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நிலம் 13.12.2005-க்கு முன்பிருந்து உங்கள் அனுபவத்தில் இருக்க வேண்டும். உச்சவரம்பு 4 ஹெக்டேர்.

75 ஆண்டுக்குக் காகிதம் எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். குறைந்தது இரண்டு ஆதாரம் போதும், இன்ன ஆதாரம்தான் வேண்டும் என்று அதிகாரிகள் அடம்பிடிக்கக் கூடாது என்பது விதி. பழைய வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய கெசட்டியரில் (அரசின் மாவட்ட விவர நூலில்) ஊரின் பெயர் என்று தேடுங்கள். முன்னோரைப் புதைத்த இடம், பழைய கிணறு, கல்லடுக்கிய வரப்பு, நட்டு வளர்த்த பலா, புளி மரங்கள் எல்லாமே ஆதாரம்தான். மூத்தவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் செல்லும். ஆக்கிரமிப்பு என்று வனத்துறை எப்போதோ போட்ட அபராத ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

தனிநபர் உரிமைக்குப் படிவம் ‘அ’. அதைக் கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் ஒருவராவது பெண். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். குழு நிலத்தில் வந்து பார்த்து வரைபடம் போடும். கிராம சபை தீர்மானம் போடும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை குறைந்தால் தீர்மானத்தையே மேலே உள்ளவர்கள் திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே பெண்கள் திரண்டு போங்கள், கையெழுத்தும் போடுங்கள். பிறகு கோட்டக் குழு, அதன் பின் மாவட்டக் குழு. கிராம சபை நிராகரித்தால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடம், அங்கும் நிராகரித்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். நிராகரிப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். முடிவு வரும்வரை உங்களை அந்த நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2(2) பிரிவு சொல்கிறது. பழங்குடி மகள்களுக்கு இது பெரிய இடர். இதை மாற்றுவது பற்றி யோசிக்குமாறு 2022-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. 2025 ஜூலையில் கோண்டு இனக் குடும்ப வழக்கு ஒன்றில், பெண்ணை விலக்கும் வழக்கம் இருப்பதாக எதிர்த்தரப்பு நிரூபிக்காதபோது பெண்ணுக்குச் சமபங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே “எங்கள் வழக்கத்தில் இல்லை” என்பவர் அந்த வழக்கத்தை நிரூபிக்கட்டும்.

நான் பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்து. அவர் கிறிஸ்தவர். இருவரும் மதம் மாறாமல் மணம் செய்துகொள்ள விரும்புகிறோம். சுயமரியாதைத் திருமணமாகச் செய்யலாமா? என் சாதிச் சான்று என்னவாகும்?
– ஒரு வாசகி, திருச்சி

சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய 7அ பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்குள் இருக்கிறது. இருவரும் இந்துவாக இருந்தால்தான் அது செல்லும். உங்களுக்குரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

உங்களில் ஒருவர் குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். அது 30 நாள் பலகையில் ஒட்டப்படும். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலகத்திலும் ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் சிக்குவது இங்கேதான். முன்கூட்டியே பாதுகாப்பான தங்குமிடம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மிரட்டல் இருந்தால், அறிவிப்பு கொடுக்கும் அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சக்தி வாஹினி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளைக் குறிப்பிடுங்கள். சாதி, மதம் கடந்து மணப்போரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது.

ஆட்சேபம் யார் வேண்டுமானாலும் தரலாம். ஆனால் ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, வயது குறைவு (ஆண் 21, பெண் 18), சம்மதம் தர இயலாத மனநிலை, விலக்கப்பட்ட நெருங்கிய உறவு இவை மட்டுமே காரணமாகும். “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பது காரணம் ஆகாது. ஆட்சேபம் வந்தால் அலுவலர் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு மணம் முடிக்க வேண்டும். தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் சாதிச் சான்று இந்த மணத்தால் மாறாது. ஆனால் தேவாலயத்தில் மணம் முடிக்க ஞானஸ்நானம் பெற்றால் மாறும். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியில் கணக்கு. ஞானஸ்நானம் பெற்றபின் பழைய சான்றை வைத்து வேலைக்குச் சேர்ந்தால் பின்னால் வேலையே போகலாம். தீண்டாமை மதம் மாறினாலும் துரத்தத்தான் செய்கிறது. சட்டம் இன்னும் அதைப் பார்க்க மறுக்கிறது. கலப்பு மணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தமிழ்நாட்டில் தாய், தந்தை இருவரில் ஒருவரின் சமூகத்தைத் தேர்ந்து சான்று வாங்கலாம். ஒருமுறை தேர்ந்தால் அதுதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு உங்கள் சமூகச் சான்று கேட்க முடியாது.

சொத்து விஷயத்தில், இந்து அல்லாதவரை இச்சட்டப்படி மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கொள்ளப்படும். பங்கு போகாது, அது தனியாக உங்களுடையதாகும்.

வார்டு உறுப்பினராகத் தேர்வான பட்டியல் சாதிப் பெண் நான். கூட்டத்தில் நாற்காலி தருவதில்லை, பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்குகிறார்கள்.
– வாசகி, தென்காசி மாவட்டம்

வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் போட்டால் கூட்டத்தில் இருந்ததாக ஆகிவிடும், தீர்மானத்துக்கு நீங்களும் பொறுப்பு. உள்ளாட்சிப் பிரதிநிதியான பட்டியல் சாதியினரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின் கீழ் தனிக் குற்றம். தேதி, நேரம், இருந்தவர்கள், சொன்ன சொல் எல்லாவற்றையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். “விசாரிச்சுட்டுப் பார்ப்போம்” என்று முதல் தகவல் அறிக்கையைத் தள்ளிப்போட 18அ பிரிவு இடம் தரவில்லை. மறுத்தால் அதே புகாரைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதன் பிறகு நீதிமன்றம். விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலையில் இருக்க வேண்டும். உதவி எண் 14566.

இதற்கெல்லாம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இலவச உதவி ஏழைகளுக்கு மட்டும்தானா?
– சு., மதுரை

பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லை. சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையமும், வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழுவும் இருக்கும். 15100 எண்ணிலும் கேட்கலாம். அடையாளச் சான்றும் வழக்குக் காகிதங்களின் நகலும் கொண்டுபோங்கள், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வக்கீலின் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், தட்டச்சுச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பணம் கேட்டாலோ வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, ஆணையச் செயலருக்கு ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேட்கலாம்.